106(2) பிறந்த கதை

1860-ல் இந்திய தண்டனைச் சட்டம் வந்தபோது, அஜாக்கிரதையால் ஓர் உயிர் போனால் தண்டிக்கத் தனிப் பிரிவு இல்லை. 1870-ல்தான் 304ஏ சேர்ந்தது. அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை. மோட்டார் வண்டியே இல்லாத காலத்தில் எழுதிய அந்தப் பிரிவில்தான், பின்னால் லாரி, பஸ், கார் மோதிய சாவுகளுக்கெல்லாம் வழக்குப் போட்டார்கள். இடித்தவர் நின்றாரா, ஓடினாரா என்று அது கேட்கவில்லை.

அதைக் கேட்டது மோட்டார் வாகனச் சட்டம். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 134-ஆவது பிரிவுப்படி, அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க டிரைவர் வழி செய்ய வேண்டும். அங்கே போலீஸ் இல்லையென்றால், 24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனில் சொல்லிவிட வேண்டும். கூடிய கூட்டம் ஆத்திரத்தில் அடிக்க வந்தால் சிகிச்சைக் கடமையிலிருந்து விலக்கும் உண்டு. சாலையை அறிந்தவர்கள் எழுதிய வரி அது. ஆனால் மீறினால் தண்டனை? மூன்று மாதச் சிறை அல்லது ஐந்நூறு ரூபாய் அபராதம். 2019-ல் அது ஆறு மாதம், ஐயாயிரம் ரூபாய் ஆனது. ரத்தம் கொட்டக் கிடப்பவரை விட்டுப் போனதற்கு இவ்வளவுதானா என்று வயிறு எரிகிறது.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2023 டிசம்பரில் நிறைவேறிய பாரதிய நியாய சன்ஹிதா இதை மாற்றியது. அஜாக்கிரதையாக ஓட்டி உயிரைப் பறித்துவிட்டு, போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் தப்பினால் பத்து ஆண்டு வரை சிறை என்றது 106(2). அதை எதிர்த்துப் புத்தாண்டு அன்றே வடமாநிலங்களில் லாரிகள் நின்றன. பெட்ரோல் பங்குகளில் வண்டிகள் வரிசை கட்டின. மறுநாள் இரவே, லாரி உரிமையாளர் சங்கத்தைக் கலந்துதான் இந்தப் பிரிவைக் கொண்டுவருவோம் என்று உள்துறைச் செயலர் வாக்குக் கொடுத்தார். 2024 ஜூலை 1-ல் சட்டம் அமலுக்கு வந்தபோது இந்த ஓர் உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள்.

டிரைவர்களின் பயம் பொய்யில்லை. நின்றவரை அடித்தே கொன்ற ஊர்கள் உண்டு. அதற்காக இந்தப் பிரிவைக் கிடப்பில் போட்டது தவறு. சம்பவ இடத்திலேயே நின்று அடி வாங்கச் சொல்லவில்லை அது. சீக்கிரம் தகவல் சொல் என்கிறது, அவ்வளவுதான். பேசித் தீர்த்து, அமலுக்குக் கொண்டுவர வேண்டும்.

வண்டி ஓட்டும் அண்ணன்மாரே, கூட்டத்துக்குப் பயந்து நகர்ந்தாலும் 108-க்கு ஒரு போன் போட்டுவிட்டு நேரே பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள்.