தூக்கத்தைக் கலைக்கும் எண்

1991இல் ஓர் ஆங்கில அறுவை மருத்துவ இதழில் பிறந்தது, அறுவைக்குப் பின் இறக்கும் ஆபத்தைக் கணித்துச் சொல்லும் அந்த எண். கோப்லேண்ட், ஜோன்ஸ், வால்டர்ஸ் என்ற மூவர் அதற்கு வைத்த பெயர் பாஸம். லத்தீனில் 'என்னால் முடியும்' என்று பொருள். ஆஸ்திரேலியாவில் மரமேறும் ஒரு பிராணிக்கும் அதுதான் பெயர்!

பிறந்தபோது அதன் வேலை வேறு. ஒரு டாக்டரிடம் நிறையப் பேர் இறந்தால், கோளாறு அவர் கையிலா, வந்தவர்களின் நிலையிலா என்று பிரித்துப் பார்ப்பது. எல்லாம் முடிந்தபின் போடும் கணக்கு. நாடித்துடிப்பு, யூரியா, சோடியம் என்று உடல்நிலைக்கு 12 விவரங்கள். அறுவைக்கு ஆறு. ஒவ்வொன்றுக்கும் மோசத்தைப் பொறுத்து 1, 2, 4, 8 மதிப்பெண். ஆபத்து குறைந்தவர்களையும் அது ஏகத்துக்குப் பயமுறுத்தியதால், போர்ட்ஸ்மவுத்தில் சூத்திரத்தைத் திருத்தினார்கள்.

பிறகுதான் அது கட்டிலருகே வந்தது. சிக்கலும் கூடவே வந்தது. குடல் ஓட்டையாகி நள்ளிரவில் வந்தவருக்கு, வயிற்றைத் திறக்கும் முன்பே ரத்த இழப்பு 100 மில்லிக்குள்ளா, 500 தாண்டுமா என்று ஜூனியர் டாக்டர் ஸ்கேனைப் பார்த்து ஊகித்து நிரப்ப வேண்டும். கணக்குக்குள் பாதி ஜோசியம்.

ஆனாலும் அது தேவைப்பட்டது. 2012இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அவசர வயிற்று அறுவை செய்துகொண்ட 1,853 பேரில் 14.9 சதவீதத்தினர் 30 நாளுக்குள் இறந்திருந்தார்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை அது 3.6 முதல் 41.7 வரை மாறியது. ஆளைப் பொறுத்தா, இடத்தைப் பொறுத்தா உயிர்?

2013 டிசம்பரில் இங்கிலாந்தும் வேல்ஸும் அவசர வயிற்று அறுவைகளுக்கென்று நேலா என்ற தணிக்கையைத் தொடங்கின. அது தன் நோயாளிகளின் விவரங்களிலிருந்தே புதிய கணக்கைச் செய்துகொண்டது. எண்ணுக்கு ஓர் அதிகாரமும் கிடைத்தது: ஆபத்து 5 சதவீதம் தொட்டால் மூத்த அறுவை மருத்துவரும் மூத்த மயக்க மருந்து நிபுணரும் தியேட்டரில் இருக்க வேண்டும்; முடிந்ததும் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவு. இதைத்தான் நான் அந்த எண்ணின் பெரிய சாதனை என்பேன். வீட்டில் தூங்கும் பெரியவரை எழுப்பத் தயங்கும் ஜூனியருக்கு, "எட்டு சதவீதம் காட்டுகிறது" என்று சொல்ல வாய் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் பழைய பாஸத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை. 71ஐத் தொட்டவர்களுக்கெல்லாம் வயதுக்கு நான்கே மதிப்பெண். கடைக்கு நடந்தே போய்வரும் 72 வயதுக்காரரும், நாற்காலியை விட்டு எழ இருவர் பிடிக்க வேண்டிய 91 வயதுப் பாட்டியும் அதற்கு ஒன்றுதான். அந்தத் தளர்ச்சியை நேலா இப்போது தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறது.