முற்பண நாளிலேயே சோதனை: வன்னி அழகுநிலையங்களும் இமை ஒவ்வாமையும்

கலியாணப் பொம்பிளையை வெளிக்கிடுத்தும் வேலை, போருக்குப் பிந்திய வன்னியில் பல பெண்களின் வாழ்வாதாரமாகிவிட்டது. மீள்குடியேற்றத்துக்குப் பின் பெண்களுக்கு வழங்கப்பட்ட தொழிற்பயிற்சிகளில் தையலோடு அழகுக்கலையும் இடம்பெற்றது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் புதுக்குடியிருப்பிலும் இன்று காணும் பல அழகுநிலையங்கள் அந்தப் பயிற்சியின் பயன். புருவம் திருத்துவதிலும் முகப்பூச்சிலும் தொடங்கிய தொழில் இப்போது செயற்கை இமைமயிர் ஒட்டுவது, இமையைச் சுருட்டுவது, சாயம் ஏற்றுவது வரை வந்துள்ளது. இவற்றுக்கு முன் காதின் பின்புறம் ஒரு துளி தடவி ஒரு நாள் பார்த்தால் போதும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. அந்தச் சோதனை அவசியமானது. ஆனால் அது செய்யப்படும் காலமும் அதன்மேல் வைக்கப்படும் நம்பிக்கையும் பிழையானவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1933இல் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்ற இமைச்சாயம் பல பெண்களின் கண்களைப் புண்ணாக்கியது; ஒருவர் பார்வையை இழந்தார். அதிலிருந்த பாரா-ஃபீனிலீன்டையமீன், சுருக்கமாகப் பி.பி.டி., இன்றும் பெரும்பாலான கறுப்புத் தலைச்சாயங்களில் இருக்கிறது. இத்தகைய கேடுகளுக்குப் பின் 1938இல் வந்த அமெரிக்கச் சட்டம், தார்வழித் தலைச்சாயங்களின் சிட்டையில் இரண்டு எச்சரிக்கைகளைக் கேட்டது: பூசுமுன் தோலில் சோதித்துப் பார்க்க வேண்டும், இமைக்கும் புருவத்துக்கும் பூசவே கூடாது, பூசினால் பார்வை போகக்கூடும். இரண்டாவது எச்சரிக்கையை நாம் மறந்துவிட்டோம். தலைக்குப் பூசச் சோதனை வழி திறந்தது. கண்ணருகே எந்தச் சோதனையும் வழி திறக்கவில்லை. தலைக்குக் கலக்கிய சாயத்தில் மிஞ்சியதைப் புருவத்துக்கும் தடவும் வழக்கத்தைச் சோதனையின் பெயரால் நியாயப்படுத்த முடியாது.

ஒட்டுச் சோதனையை 1895இல் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் ஜெர்மன் தோல் மருத்துவர் யோசப் யாடசோன். பொருளைத் தோலில் 48 மணிநேரம் ஒட்டிவைத்து, எடுத்ததும் ஒருமுறையும் மூன்றாம் அல்லது நான்காம் நாளில் மறுமுறையும் பார்ப்பதே மருத்துவமனை முறை. தொடுகை ஒவ்வாமை தாமதித்து எழுவது என்பதே இதற்குக் காரணம். ஒரே நாளில் தோல் தெளிவாக இருந்தால் ஆபத்து இல்லை என்று முடிவெடுக்க முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பொருளை முதன்முதலாகத் தொடுபவரின் உடல் அதை இனங்கண்டு எதிர்க்கப் பழகச் சுமார் இரண்டு வாரம் ஆகலாம். முதல் தடவை எதுவும் நேராதவருக்கு அடுத்த தடவை இமை வீங்குவது இதனால்தான். சென்ற ஆண்டுச் சோதனை இந்த ஆண்டுக்குச் செல்லாது. பசை மாறினாலும் செல்லாது.

இமைப் பசையின் அடிப்படைப் பொருள் சயனோஅக்ரிலேட். ஈரம் பட்டதும் இறுகும்; இறுகும்போது ஆவி விடும். கண் சிவப்பதற்கும் எரிவதற்கும் பெரும்பாலும் இந்த ஆவியே காரணம். அது உறுத்தல், ஒவ்வாமையல்ல. கைமடிப்பில் செய்த சோதனை அதை முன்கூட்டிக் காட்டாது. செயற்கை இமைமயிரால் பாதிக்கப்பட்டவர்களை ஆராய்ந்து ஜப்பானிய மருத்துவர்கள் 2012இல் ‘கோர்னியா’ இதழில் வெளியிட்ட ஆய்வில், இமை ஒவ்வாமையோடு கருவிழி–வெண்படல அழற்சியும், ஒட்டுநாடா உரசியதால் உண்டான புண்களும் பதிவாகியுள்ளன. பசைகளில் ஃபோர்மல்டிஹைட்டும் காணப்பட்டது. இவற்றுள் சோதனை பிடிக்கக்கூடியது ஒவ்வாமை ஒன்றையே. மற்றவற்றைத் தடுப்பது கண்ணை இறுக மூடுவித்தல், காற்றோட்டம், கைப்பழக்கம்.

வன்னியின் நிலத்தையும் நாளையும் கணக்கிலெடுத்தால் ஒரு நாள் முந்திய சோதனை இன்னும் பொருந்தாது. ஒட்டுசுட்டானிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ ஒரு துளி பசைக்காகப் பஸ் ஏறி நகரத்துக்கு வந்துபோகச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். வெயிலில் வேர்த்து, கிணற்றடியில் அள்ளிக் குளித்தால் சோதனைப் பூச்சு தங்காது. கலியாணத்துக்கு முதல்நாள் சோதித்து, மணவறையில் இருக்கும்போது தடிப்பு எழுந்தால் யாருக்கு என்ன பயன்? ஆனால் முகூர்த்த நாள் முன்கூட்டியே குறிக்கப்படுகிறது. அழகுநிலையத்துக்கு முற்பணமும் பல வாரம் முந்தியே கொடுக்கப்படுகிறது. சோதனைக்குரிய நாள் அந்த முற்பண நாளே. பயன்படுத்தப்போகும் அதே பசையைக் கைமடிப்பில் சிறிதளவு இட்டு, காயவிட்டு, இரண்டு நாள் நனையாமல் வைத்து, நான்காம் நாள் கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்பச் சொன்னால் இரண்டாவது பயணமே வேண்டியதில்லை.

அன்றே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: முன்பு தலைச்சாயத்துக்கோ கறுப்பு மெஹந்திக்கோ கடித்ததா, கொப்பளித்ததா? மருதோன்றி இலை செம்பழுப்பாகத்தான் பிடிக்கும், அதற்கும் மணிக்கணக்கு வேண்டும். சிறிது நேரத்தில் கருக்கும் கூம்புகளில் பெரும்பாலும் பி.பி.டி. கலந்திருக்கும். கோயில் திருவிழாவிலோ உறவினர் கலியாணத்திலோ சிறுவயதில் கையில் போட்ட கறுப்பு மெஹந்தி, பத்து ஆண்டு கழித்தும் இமைச்சாயத்துக்கு எதிராக உடலைத் தூண்டலாம். ‘ஓம், கொப்பளித்தது’ என்று பதில் வந்தால் சாயத்தைச் சோதித்தும் பார்க்கக்கூடாது. அவரை அனுப்பவேண்டிய இடம் மாவட்ட வைத்தியசாலையின் தோல் நோய்ச் சிகிச்சை நிலையம்.

சட்டமும் இங்கே துணைக்கு வலுவாக நிற்கவில்லை. இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மருந்துகள், கருவிகளோடு அழகுசாதனப் பொருட்களையும் பெயரிலேயே கொண்டிருந்தது. அதை நீக்கி வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் எல்லைநிலைப் பொருட்களையும் மையமாகக் கொண்டது. சிட்டையில்லாத பசைப் போத்தல் கடைக்கு வரும்போது அதை மறுக்கும் பொறுப்பு, கடனெடுத்துத் தொழில் தொடங்கிய ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. இது நியாயமில்லை.

அதிலும் கூடிய ஆபத்து அந்தப் பெண்ணுக்கே. வாடிக்கையாளர் பசையின் ஆவியைச் சிலவேளை மட்டும் சுவாசிக்கிறார். அந்தப் பெண்ணோ சிறிய அறையில் குனிந்திருந்து நாள்தோறும் சுவாசிக்கிறார். சயனோஅக்ரிலேட் ஆவி தொழில்சார் ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பது மருத்துவத்தில் பதிவான உண்மை. விரல்நுனி வெடித்தால், வேலை நாளில் மட்டும் இருமினால், அதைப் ‘பனிக்குணம்’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் தொழிலின் பெயரைச் சொல்லும்படி பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்பிக்க வேண்டும். தேசிய தொழில் தகைமைத் தேர்வில் புருவக்கோட்டின் நேர்த்திக்குப் புள்ளி வழங்குவதுபோல, முற்பண நாள் பதிவேட்டுக்கும், அறையின் காற்றோட்டத்துக்கும், வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் மறுத்துத் திருப்பியனுப்பும் துணிவுக்கும் புள்ளி வழங்கப்பட வேண்டும்.