ஆத்துக்குப் போன சனம்

ஆடிப்பெருக்கு உழவர் திருநாள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். எம்.ஏ. தமிழ் படிக்கப் போனபோதும் அதையேதான் சொன்னார்கள். காவிரியில் புதுத்தண்ணீர் வரும், உழவன் விதை விடுவான், பெண்கள் தாலிக்கயிறு மாற்றுவார்கள், முளைப்பாரி விடுவார்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதே ஆடிப் பதினெட்டு அன்று, வீராணம் ஏரிக்கரையில்தான். சரி, இருக்கட்டும். எங்கள் சேரியில் உழவர் என்று யாரும் கிடையாது. உழுதவர்கள் இருந்தார்கள். களை வெட்டியவர்கள், கடலை பிடுங்கியவர்கள், ஆரியம் அறுத்தவர்கள் இருந்தார்கள். பட்டா ஒருத்தர் பேரிலும் இல்லை. அப்படிப்பட்ட சனம் வருஷா வருஷம் பிள்ளை குட்டியோடு ஒகேனக்கல்லுக்கு எதற்குப் போனது? நிலமில்லாதவனுக்கு எந்தப் பெருக்கு?

இந்தக் கேள்வியை எந்த வகுப்பிலும் யாரும் கேட்கவில்லை. நானும் அப்போது கேட்கவில்லை. வீட்டில் ஆயாவிடம்தான் கேட்டேன்.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். தருமபுரி மாவட்டத்தின் மேற்கு ஓரமாகக் காவிரி ஓடுகிறது. ஓடுகிறதே ஒழிய எங்கள் பக்கத்து மண்ணில் அது பாயாது. கர்நாடகத்திலிருந்து மலை இடுக்கில் இறங்கி, ஒகேனக்கல்லில் பாறைமேல் விழுந்து, பள்ளத்திலேயே போய் மேட்டூர் அணையில் சேர்ந்துவிடும். 1925இல் கட்டத் தொடங்கி 1934இல் முடித்த அணை அது. அங்கே தேங்கும் தண்ணீர் தஞ்சாவூர் வரைக்கும் போகும். மேட்டில் இருக்கிற பென்னாகரத்துக்கு ஏறாது. நாங்கள் காவிரிக்கரை மாவட்டத்துக்காரர்கள், ஆனால் மானாவாரிக்காரர்கள். ஆரியம், சாமை, கடலை, ஊடுபயிராகத் துவரையும் கொட்டமுத்தும். குடிக்கிற தண்ணீர் பூமிக்கடியில் இருந்து வரும். அதில் ஃபுளோரைடு. எங்கள் வயசுப் பிள்ளைகள் சிரித்தால் பல் பழுப்பாகத் தெரியும். கல்லூரியில் வாயை மூடிக்கொண்டு சிரிக்கக் கற்றுக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

ஆவணி புரட்டாசி கார்காலம், ஐப்பசி கார்த்திகை கூதிர் காலம் என்று இலக்கணம் பிரிக்கிறது. கார்காலத்தில் தலைவன் தேரேறி வீடு திரும்புவான். எங்கள் ஊரிலோ கார்காலம்தான் கூலிக்காரன் வீட்டை விட்டுக் கிளம்புகிற காலம். ஆடியில் விதைத்தது கார்த்திகையில்தான் வீடு வரும், அதுவும் அடுத்தவன் வீட்டுக்கு. இடைப்பட்ட மாதங்களில் அடுப்பு ஒரு வேளைதான் எரியும். விழாவெல்லாம் வரிசையாக வருவதும் அந்த மாதங்களில்தான்: ஆடிப் பதினெட்டு, ஆயுத பூசை, தீபாவளி, கார்த்திகை. ஊருக்கு அவை விழா. சேரிக்கு அவை வேலை. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் பறை அடிக்க ஆள் போக வேண்டும். தேதியை ஊர் ஊராகத் தமுக்கடித்துச் சொல்லவும் ஆள் போக வேண்டும். (தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதியது 2022இல்தான். நூறு வருஷத்துக்கு முந்தியது அல்ல.) விறகு பிளக்க, பந்தல்கால் நட, இலை எடுக்க ஆள். கூலி என்று கேட்கக்கூடாது. படி அளப்பார்கள், மிஞ்சிய சோறு தருவார்கள். சாமி தெருவைச் சுற்றும், சேரிக்கு மட்டும் வராது. அடிக்கிறவன் பறைச்சத்தம் கோயிலுக்குள் போகும், அடிக்கிறவன் போக முடியாது.

1991 ஆடியில் எங்கள் சேரி அடிக்க மாட்டோம் என்று சொன்னது. அம்பேத்கர் நூற்றாண்டு ஆண்டு அது. தமிழ்நாடு முழுக்கச் சேரிகளில் அவருடைய படம் மாட்டப்பட்ட காலம். எங்கள் தெருவிலும் ஒரு கீற்றுக் கொட்டகையில் மாட்டினார்கள். நான் அப்போது கைக்குழந்தை. தாத்தா நான்காவது தலைமுறைப் பறைக்காரர். அவர்தான் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போய், “சாமி, இனிமே ஆளு வராதுங்க” என்று சொன்னவர். ‘சாமி’ என்று கூப்பிட்டுத்தான் சொல்லியிருக்கிறார். ஆயா இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த ‘சாமி’யை அழுத்திச் சொல்லிச் சிரிக்கும்.

மறுநாளே கட்டுப்பாடு. வயல்வேலை கிடையாது. கடையில் உப்பு கிடையாது. ஊர்க் கிணற்றுப் பக்கம் போகக்கூடாது, மாடு ஊர்ப் புறம்போக்கில் மேயக்கூடாது. ஆடு பாய்ச்சப் போன ஒரு பையனைக் கட்டி வைத்து அடித்தார்கள். கேஸ் நிற்கவில்லை.

ஆயா சொன்னது: “அந்த வருசந்தான் கண்ணு, சேரியே மொத்தமா ஆத்துக்குப் போச்சி. அதுக்கு முன்னால போவோம், ஒரு வூடு ரெண்டு வூடு. எசமான் வுட்டாத்தான போக முடியும்? பதினெட்டு அன்னிக்கு அவங்க பொண்ணுங்க தலைக்கு ஊத்தி ஆத்துக்குப் போவும், நாம அவங்க மாட்டப் பாத்துக்கணும். அந்த வருசம் வேலையே இல்ல. யாரக் கேக்கணும்? உங்கப்பன் உன்னத் தோள்ல போட்டுக்கினான். ராத்திரி கஞ்சி குடிச்சிட்டுக் கெளம்பனோம். களியக் கட்டிக்கினோம், கருவாடு சுட்டுக்கினோம். பென்னாகரம் தாண்டினா காடு. ஆனை இருக்கும்னு தீப்பந்தம். பாட்டுப் பாடிக்கினே போனோம். விடியறப்போ சத்தம் கேட்டுது. தண்ணி வுழற சத்தம். எம் மாமியா அங்கயே ரோட்டுல ஒக்காந்து அழுதிச்சி.”

பென்னாகரத்திலிருந்தே ஒகேனக்கல் 16 கிலோமீட்டர். எங்கள் ஊர் அதற்கும் இந்தப் பக்கம்.

நான் தேடிக்கொண்டிருந்த பதில் ஆயாவின் பேச்சில் இருந்தது. அன்றைக்கு ஊருக்கு வேலை செய்யாத சனம் போய்ச் சேருகிற இடம் ஆறு. பயிர், விதை, புதுப்புனல் எல்லாம் அடுத்தவர்களுடைய காரணங்கள். எங்கள் காரணம் ஒரு நாள்.

இன்னொன்றும் உண்டு, தண்ணீர். பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் குளத்திலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு உரிமை உண்டு என்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். மகத் ஊர்க் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தது 1927 மார்ச் 20. இரண்டும் நடந்து அறுபது வருஷத்துக்கு மேல் கழித்து எங்கள் ஊரில் கிணற்றுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். ஆற்றுக்குப் போட முடியவில்லை. போடாமலும் இல்லை. ஓடுகிற ஆற்றில் மேல்துறை அவர்களுக்கு, கீழ்துறை நமக்கு என்பது எல்லா ஊரிலும் எழுதாத சட்டம். அவர்கள் குளித்த தண்ணீர்தான் நமக்கு வரும். ஒகேனக்கல்லில் அந்தச் சட்டம் தடுமாறும். அங்கே தண்ணீர் தலைக்கு மேலிருந்து விழுகிறது. அருவிக்கு அடியில் எது மேல்துறை, எது கீழ்துறை? இடித்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தில் யார் முதுகு யார் மேல் பட்டது என்று யாருக்குத் தெரியும்? எண்ணெய் தேய்த்து மாலிஷ் செய்கிறவர்களிடம் மல்லாந்து படுக்கிற எந்தப் பெரிய மனுஷனும் ‘நீ என்ன ஆளு’ என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஊருக்குத் திரும்பியதும் கேட்பான்.

பரிசலையும் சொல்லியாக வேண்டும். சுற்றுலாத் துறை படத்தில் எல்லாம் பரிசல்தான். இப்போது மூங்கில் கூட்டின்மேல் பிளாஸ்டிக்கைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். முன்பு போர்த்தியது மாட்டுத்தோல். செத்த மாட்டைத் தூக்கி, உரித்து, பதம் பண்ணிய கை தீட்டு. அந்தத் தோலின்மேல் உட்கார்ந்து ஆற்றைக் கடந்தால் தீட்டில்லை! பறைக்கும் அதே கதைதான்.

புறநானூற்றின் 335ஆம் பாடலை எம்.ஏ.வில் பாடமாக வைத்திருந்தார்கள். மாங்குடி கிழார் பாடியது. துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கும் அல்லாமல் வேறு குடி இல்லை என்பார். நடுகல்லைத் தவிரக் கும்பிட வேறு கடவுளும் இல்லை என்பார். ஆசிரியர் கடவுள் பகுதியை விளக்கிவிட்டு மணியடிக்கக் காத்திருந்தார். நடுகல்லோ தருமபுரிக்காரனுக்குப் புத்தகத்தில் மட்டும் இருக்கிற சங்கதி இல்லை. காட்டோரம், ஏரிக்கரை, கடலைக்காட்டு வரப்பு எங்கும் நிற்கிறது. அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள், ஆடிப் பதினெட்டுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். கல் சாமியாகிவிட்டது. பறையன் எப்படிச் சேரிக்குப் போனான் என்று அன்று வகுப்பில் கேட்டிருக்க வேண்டும்.

1991க்குத் திரும்புகிறேன். ஆற்றுக்குப் போய் வந்ததால் கட்டுப்பாடு தளர்ந்துவிடவில்லை. ஆவணியில் அப்பாவும் இன்னும் இருபது முப்பது பேரும் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் பஸ் ஏறினார்கள். அந்த வருஷம் ஜூனில்தான் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டிருந்தது. டிசம்பரில், கார்த்திகைக் கடைசியில், பெங்களூரில் தமிழர்கள்மேல் கலவரம். குடிசைகளும் கட்டட வேலைக்காரர்களும்தான் முதலில் அகப்பட்டார்கள். அப்பா ஓசூர் வரைக்கும் நடந்தும் லாரியிலும் வந்து சேர்ந்தார், தலையில் காயத்தோடு. காவிரிக்காக அடி வாங்கியவருக்கு அந்த ஆற்றில் ஒரு சென்ட் பாசனம் கிடையாது. அதைவிட, சொந்த ஊர்க் கிணற்றிலேயே தண்ணீர் மொள்ளக் கூடாது! இதை நான் யாரிடம் சொன்னாலும் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறார்கள்.

கார்த்திகை தீபத்துக்கு ஆயா வீட்டில் எண்ணெய் காய்ச்சுவது வழக்கம். கொட்டமுத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கிற எண்ணெயைக் கரண்டியால் வழித்தெடுக்கும். கைநாற்றம் மூன்று நாளைக்குப் போகாது. பின்னாளில் அயோத்திதாசர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் பதிப்பில் (1999) படித்தபோது ஆயா கைதான் ஞாபகம் வந்தது. 1907 முதல் 1914 வரை ‘தமிழன்’ இதழை நடத்திய பண்டிதர், தீபாவளி எள்ளிலிருந்து நெய் எடுத்து முழுகிய நாள் என்கிறார். கார்த்திகை, ஆமணக்கிலிருந்து எண்ணெய் கண்டு விளக்கேற்றிய நாள். அசுரனைக் கொன்ற கதையெல்லாம் பின்னால் ஏற்றியது. பௌத்தர்கள் கண்டுபிடித்தது என்பதற்கு அவர் தரும் சான்றுகள் வரலாற்றாசிரியனுக்குப் போதாது, எனக்கும் போதவில்லை. ஆனால் விழாவுக்கு நடுவில் ஒரு கொலையை வைப்பதா, ஒரு வேலையை வைப்பதா என்று நூறு வருஷத்துக்கு முன்னால் நம்மில் ஒருவர் யோசித்திருக்கிறார். எண்ணெய் எடுத்தவர்களை அந்தக் கதையில் தேடியிருக்கிறார். ஆயாவிடம் சொன்னேன். “ஆமா, பின்ன? எண்ணெ வானத்துலருந்தா வுழும்?” என்றது.

2012 நவம்பர் 7 சாயங்காலம். தருமபுரிக்குப் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று சேரிகள். சாதி தாண்டிய ஒரு கல்யாணத்தைச் சாக்கு வைத்து 250 வீடுகளுக்கு மேல் சூறையாடி, எரித்தார்கள். தீபாவளி 13ஆம் தேதி. நான் அப்போது மாணவன். அரிசி மூட்டை சேகரித்துக்கொண்டு நண்பர்களோடு அங்கே போனேன். பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துச் சேர்த்ததையெல்லாம் அந்த வீடுகளில்தான் வைத்திருந்தார்கள். கரியாய்க் கிடந்த பீரோவுக்குள் ஒரு அம்மா கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். என்னம்மா தேடறீங்க என்றேன். பேரனுக்கு எடுத்த சட்டை என்றார். அது கரியாகியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். துழாவினார். ‘தீபாவளி நல்வாழ்த்துகள்’ என்ற வாக்கியத்தை அதற்குப் பிறகு நான் யாருக்கும் எழுதியதில்லை.

ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டது. எங்கள் தெருக்குழாயிலும் காவிரி வருகிறது, தினமும் இல்லாவிட்டாலும். என் அக்காள் பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக இருக்கிறது. ஆடிப்பெருக்குக்கு மாவட்ட நிர்வாகமே ஒகேனக்கல்லில் மேடை போட்டு விழா நடத்துகிறது. அதியமானும் நெல்லிக்கனியும் வராத மேடைப் பேச்சு கிடையாது. வெள்ளம் கூடினால் குளிக்கத் தடை. 2024இல் அப்படித்தான், ஆற்றை எட்ட நின்று பார்த்துவிட்டு வந்தோம். ஆயா மட்டும் போலீஸ்காரரிடம் கெஞ்சி ஒரு கேன் தண்ணீர் மொண்டு வரச் செய்தது. “குழாயிலயும் இதே தண்ணிதான் ஆயா வருது” என்றேன். கேன் மூடி ஒழுகுகிறது, துணி வைத்துக் கட்டு என்றது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பதினெட்டுக்கு எங்கள் தெருப் பையன்கள் வேனில் பறையை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நகரத்தில் பயிற்சிப் பட்டறையில் கற்றவர்கள். பறை எங்கள் கலை, எங்கள் அடையாளம் என்று பனியனில் அச்சடித்திருந்தார்கள். தொண்ணூறுகளில் தலித் கலை விழாக்கள் நடந்தபோது நம் பத்திரிகைகளில் அடித்துக்கொண்ட அதே விவாதம்தான்: இழிவென்று விடுவதா, ஆயுதமென்று எடுப்பதா? இரண்டு பக்கமும் நான் பேசியிருக்கிறேன். பையன்கள் மணலில் தீ மூட்டித் தோலைக் காய்ச்சி அடித்தார்கள். நன்றாகத்தான் அடித்தார்கள். பெண்கள் ஆடினார்கள், ஆயாவும் ஆடியது. தாத்தா எழுந்து தூரமாய்ப் போய் ஒரு பாறைமேல் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கூப்பிடப் போனேன். “சத்தம் அடங்கட்டும், வரேன்” என்றார். மீன் வறுத்து முடிக்கும்வரை வரவில்லை. நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவருடைய வலது கைவிரல்கள் தொடைமேல் அடவைப் பிடித்துக்கொண்டிருந்தன. நான் பார்ப்பது தெரிந்ததும் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.