அப்பாவின் ஐந்து கொப்பிகள்: ஒரு முதலமைச்சரின் பதவிக்காலம் பத்திரிகைத் துணுக்குகளில்

வடக்கு மாகாண சபையின் முதலாவது முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன் பற்றிய பத்திரிகைச் செய்திகளை அப்பா ஐந்து சீ.ஆர். கொப்பிகளில் ஒட்டி வைத்திருக்கிறார். இது அவருடைய இரண்டாவது தொகுப்பு. 1988இல் தெரிவான வடக்கு கிழக்கு மாகாண சபை பற்றி அவர் சேர்த்த முதல் தொகுப்பு 2009இல் வன்னியில் கைவிடப்பட்டது. அரிசியா, கொப்பியா என்ற நிலை வந்தபோது அரிசியைத்தான் தூக்கினோம்.

முதற்கொப்பி 2013 தேர்தலோடு தொடங்குகிறது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவர் அரசியலுக்கு வந்த செய்தி, செப்டெம்பர் 21 வாக்களிப்பு, 38 ஆசனங்களில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்ற 30, அவர் பெற்ற 132,255 விருப்பு வாக்குகள் எல்லாம் அதில் உள்ளன. ஒக்டோபர் 7ஆம் திகதி ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச முன்னிலையில் பதவியேற்ற படமும் இருக்கிறது.

அடுத்த இரு கொப்பிகளில் ஆளுநருக்கும் சபைக்கும் இடையிலான அதிகார இழுபறியே அதிகம். 2015 பெப்ரவரி 10ஆம் திகதி நிறைவேற்றப்பட்ட இனப்படுகொலைத் தீர்மானத்துக்கு அப்பா முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். நான்காவதில் 2017 ஜூன் மாத நம்பிக்கையில்லாப் பிரேரணை. தனக்குப் பிடிக்காத செய்தி என்றாலும் இரு தரப்பையும் ஒட்டியிருக்கிறார். ஐந்தாவது, சபையின் காலம் முடிந்த 2018 ஒக்டோபருடன் நிற்கிறது. மீதிப் பக்கங்கள் வெறுமை. அதன் பின் மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை.

இந்தக் கொப்பிகளில் குறைகளும் உண்டு. பல துணுக்குகளில் பத்திரிகையின் பெயரோ திகதியோ இல்லை. கோதுமை மாப் பசை பூச்சிகளை அழைத்திருக்கிறது. 2017 ஜூன் துணுக்கொன்று கழன்று விழுந்தபோது பின்பக்கத்தைப் பார்த்தேன். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தைப் பிடித்திருக்கும் ஒரு தாய். அப்பாவின் கத்தரிக்கோல் அந்தப் படத்தைப் பாதியாக வெட்டியிருந்தது. அரசியல்வாதியின் முகத்துக்காக நாங்கள் அந்த முகத்தைப் பசைக்குள் போட்டுவிட்டோம். காட்டியபோது அப்பா நெடுநேரம் பேசவில்லை. இப்போது அந்தத் துணுக்கை ஒட்டாமல், இரு பக்கமும் தெரியக்கூடிய உறையில் வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கொப்பிகள் இருக்கலாம். ஒட்டியதை இழுத்துக் கழற்றாதீர்கள், கிழிந்துவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். பத்திரிகைத் தாள் தானாகவே மஞ்சளாகி நொறுங்கக்கூடியது. சேர்த்தவர் உயிரோடு இருக்கும்போதே திகதிகளைக் கேட்டு, பென்சிலால் எழுதுங்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் போன்றவற்றுக்குப் பிரதி கொடுங்கள்.

ஒரேயொரு பிரதி என்றால் என்ன நடக்கும் என்பதை 1981இல் யாழ்ப்பாண நூலகத்திலும், 2009இல் எங்கள் பையிலும் கண்டுவிட்டோம்.