காப்பிக்கடையின் ‘சிக்கன் சாப்’: ஒரு தட்டின் வரலாறு

சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கீழே உள்ள காப்பிக்கடைகளில் சீனச் சோற்றுக்கடைக்கும் மீ கடைக்கும் நடுவே, ‘வெஸ்டர்ன் ஃபுட்’ என்ற பலகையுடன் ஒரு கடையைப் பெரும்பாலும் காணலாம். எலும்பு நீக்கிய கோழித் தொடை, அதன்மேல் மிளகுக் குழம்பு, பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல், கோல்ஸ்லா, தக்காளிச் சாற்றில் வெந்த பீன்ஸ், வெண்ணெய் தடவிய பன். ஏழெட்டு வெள்ளிக்கு வயிறு நிறையும். நம் பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள். பெரியவர்கள் சிலரோ, “வெள்ளைக்காரன் சாப்பாடு நமக்கெதற்கு?” என்று முகம் சுளிக்கிறார்கள்.

அந்தத் தட்டை வெள்ளைக்காரன் சாப்பாடு என்பது பாதி உண்மைதான். இலண்டனில் போய்க் கேட்டால் இப்படி ஒரு தட்டு அங்கே கிடைக்காது. இதைச் சமைத்து உருவாக்கியவர்கள் சீனாவின் தெற்கே உள்ள ஹைனான் தீவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள்.

ஹைனான் மக்கள் சிங்கப்பூருக்குத் தாமதமாக வந்தவர்கள். அவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூட்டமாக வரத் தொடங்கியபோது, வணிகம் ஹொக்கியன், தியோசூ மக்களின் கைக்குப் போயிருந்தது. மற்றத் தொழில்களையும் முன்னால் வந்தவர்கள் பங்கிட்டுக்கொண்டிருந்தனர். மிஞ்சியிருந்தது வீட்டு வேலை. ஆங்கிலேய அதிகாரிகளின் மாளிகைகளிலும், செல்வந்தப் பெரனாக்கான் இல்லங்களிலும், கப்பல்களிலும், ஹோட்டல்களிலும் அவர்கள் சமையற்காரர்களாகவும் பணியாளர்களாகவும் சேர்ந்தனர். மிடில் ரோடு, பர்விஸ் ஸ்திரீட், சியா ஸ்திரீட் ஆகிய தெருக்களில் குடியிருந்தனர். அவற்றுக்கு அருகிலேயே ராஃபிள்ஸ் ஹோட்டல் இருந்தது. அந்த ஹோட்டலின் புகழ்பெற்ற ‘சிங்கப்பூர் ஸ்லிங்’ என்ற பானத்தை உருவாக்கியவரும் ஹைனான்காரர்தான். அது நமக்கு ஆகாத மது. அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

எசமானியம்மா கேட்பது ஆங்கிலேயச் சமையல்; சமையற்காரரின் கைக்கும் நாவுக்கும் பழகியது சோயா சாறும் வெங்காயமும் சீனச் சட்டியும். இரண்டும் அடுப்படியில் கலந்தன. ரொட்டித்தூளுக்குப் பதிலாகக் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டைப் பொடித்து இறைச்சியின்மேல் தடவிப் பொரித்தார்கள். வொர்ஸ்டர்ஷயர் சாற்றையும் தக்காளிச் சாற்றையும் சோயா சாற்றோடு சேர்த்து, பச்சைப் பட்டாணியும் வெங்காயமும் மிதக்கும் ஒரு குழம்பை உண்டாக்கினார்கள். இன்று காப்பிக்கடையில் நாம் காணும் குழம்பு அதன் வழிவந்ததே.

காப்பிக்கடைத் தொழிலிலும் அவர்களே முன்னோடிகளுள் இருந்தனர். ‘கோப்பித்தியாம்’ என்ற சொல்லை இங்கே சற்றுக் கவனிக்கலாம். ‘தியாம்’ என்பது ஹொக்கியன் மொழியில் கடை. ‘கோப்பி’ மலாய்ச் சொல்; அதன் மூலம் ‘கஹ்வா’ என்ற அரபுச் சொல். 15ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ருக்காக விழித்திருக்க அருந்திய பானம் அது. ஆக, சீனர் நடத்தும் கடையின் பெயரில் பாதி, முஸ்லிம்களின் இரவு வணக்கத்திலிருந்து புறப்பட்டு வந்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆங்கிலேயக் குடும்பங்களின் பழைய ஆடம்பரம் குறைந்தது. இராணுவ முகாம்கள் மட்டும் பெரிய அளவில் எஞ்சின. செம்பவாங் கடற்படைத் தளமும் அதைச் சுற்றியிருந்த உணவகங்களும் ஏராளமான சமையற்காரர்களுக்கும் பணியாளர்களுக்கும் சோறு போட்டன. 1968 ஜனவரியில், 1971க்குள் படைகளைத் திரும்பப் பெறப்போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. அப்போது நாட்டின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்தது. எசமானர்கள் கப்பலேறினார்கள், அவர்களுக்குச் சமைத்த கைகள் இங்கேயே நின்றன. 1971 முதல் 1986 வரை அரசு உணவங்காடி நிலையங்களைக் கட்டித் தெருவோர வியாபாரிகளைக் குடியமர்த்தியது. அதே காலத்தில் புதிய குடியிருப்புகளின் கீழே காப்பிக்கடைகள் பெருகின. துரை வீட்டு மேசையில் இருந்த தட்டு, மூவறை வீட்டுத் தொழிலாளியின் கைக்கு எட்டியது அப்படித்தான்.

ஆனால் நம் கைக்கு எட்டவில்லை. ஹைனான் சமையலில் பெயர்பெற்ற ‘சாப்’ பன்றியிறைச்சியில் செய்வது. அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் அதை விலக்கியிருப்பதை நம் வீட்டுச் சிறுபிள்ளையும் அறியும். அதே கடையில் கோழி இருந்தாலும் அறுத்தவர் யார் என்ற கேள்வி நிற்கும். அதையும் தாண்டினால் சட்டி இருக்கிறது. ஷாஃபி மத்ஹபில் பன்றி கடும் அசுத்தம். அது தொட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். ஹனஃபி மத்ஹபில் அந்த எண்ணிக்கை கட்டாயமில்லை, சுத்தமாகும்வரை கழுவுவதே முறை. எனினும் ஒரே எண்ணெய்க் கொப்பரையில் இரண்டையும் பொரித்தால் எந்த மத்ஹபிலும் வழியில்லை. துறைமுகத்தில் உழைத்த என் பாட்டனார் காப்பிக்கடைக்கு நண்பர்களோடு போவார். காப்பி மட்டும் குடிப்பார். அவர்கள் சாப்பிடும்போது பேசிக்கொண்டிருப்பார். அதை அவர் ஒரு குறையாகச் சொன்னதில்லை. ஆனால் அந்த மேசையில் விருந்தாளியாகவே இருந்தார் என்பதை நான் பின்னால்தான் உணர்ந்தேன்.

இதற்கிடையில் நம்மவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1960களிலும் 70களிலும் மலாய், இந்திய முஸ்லிம் கடைகளில் ‘ரொட்டி ஜான்’ பிறந்தது. ஜான் என்பது வெள்ளைக்காரருக்கு இவ்வூரார் பொதுவாக வைத்த பெயர். நீண்ட ரொட்டியை இரண்டாகப் பிளந்து, முட்டையும் கொத்திய ஆட்டிறைச்சியும் வெங்காயமும் சேர்த்துத் தட்டைக்கல்லில் கவிழ்த்துச் சுடுவது அது. செம்பவாங்கிலும், பூமலைக்கு அருகிலிருந்த தாமான் செராசியிலும் அதற்குப் பெயர் இருந்தது. முதலில் செய்தவர் யார் என்பதில் ஆளுக்கொரு கதை உண்டு. எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று: ரொட்டி வெள்ளைக்காரருடையது, உள்ளே இருப்பதும் கல்லும் முர்தபாக்கினுடையவை. ஹைனான்காரர் எசமானின் சமையலைக் கற்றுக்கொண்டார். நம் கடைக்காரரோ எசமானுக்கே தம் சமையலைக் கற்றுக்கொடுத்தார்.

1968இல் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் அமைந்தது. 1978 முதல் அது ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. 1999இல் சட்டத்திருத்தத்தின் மூலம் அந்தச் சான்றிதழுக்குச் சட்டக் காப்பும் கிடைத்தது. முத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவது குற்றமாயிற்று. இடையில் 1979இல் இங்கே வந்த மெக்டோனல்ட்ஸ், 1992இல் ஹலால் சான்றிதழ் பெற்றது. பதின்மூன்று ஆண்டுகள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற பிள்ளைகளின் தலைமுறை ஒன்று நம்மிடையே இருக்கிறது. உருளைக்கிழங்கு வறுவலுக்கு நம் வீடுகளில் இன்று இருக்கும் மதிப்புக்கு அந்த ஏக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

காப்பிக்கடையில் ஹலால் ‘வெஸ்டர்ன்’ கடைகள் பெருகியதற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. 1989இல் குடியிருப்புகளில் இன விகிதாசாரக் கொள்கை நடப்புக்கு வந்தது. ஒவ்வொரு பேட்டையிலும் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் கலந்து வாழ்ந்தார்கள். கடை உரிமையாளர் சீனராக இருந்தாலும் மாடியில் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. பத்துக் கடைகளில் ஒன்றிரண்டையேனும் ஹலாலாக வைத்தால் அவர்களும் இறங்கி வருவார்கள். சோற்றுக்கடையைவிட மேற்கத்திய உணவுக்கடை இதற்குப் பொருந்தியது: கோழி, மீன், மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு என்று பன்றியில்லாமலே பட்டியல் நிறைந்துவிடும், மூவினத்தாரும் வாங்குவார்கள். ஹைனான்காரரின் அடுப்பை இன்று பல பேட்டைகளில் மலாய்க்காரரும் தமிழ் முஸ்லிமும் மூட்டுகிறார்கள். குழம்பில் ஏலக்காய் மணத்தால் சமைத்தவர் யாரென்று சில இடங்களில் கண்டுபிடித்துவிடலாம்!

சிக்கல் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. சான்றிதழ் பெறுவது கட்டாயமன்று. அதற்குக் கட்டணம் உண்டு, ஆள்பலமும் ஆவணங்களும் வேண்டும். தனியொருவராகக் கடை நடத்துபவர் ‘முஸ்லிம் உரிமையாளர்’ என்று எழுதி ஒட்டுவதோடு நின்றுவிடுகிறார். தட்டுகள் பொதுவான இடத்தில் கழுவப்படுகின்றனவா என்ற ஐயமும் எழும். உண்டபின் தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பரில் உணவங்காடி நிலையங்களிலும், 2022 ஜனவரியில் காப்பிக்கடைகளிலும் நடைமுறைக்குக் கட்டாயமாக வந்தது. ஹலால் தட்டுகளுக்கு என்று தனி அடுக்குகள் வைக்கப்பட்டன. அவற்றின் பலகையைப் பார்க்காமல் அவசரத்தில் மாற்றி வைப்பவர்களும் உண்டு, நம்மவர்கள் உட்பட.

சென்ற மாதம் இஷாவுக்குப் பின் நாங்கள் கீழே இறங்கினோம். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் தம் சோற்றுத் தட்டோடு எங்கள் மேசையிலேயே அமர்ந்தார். என் மகள் கடைக்காரரிடம் போய், பாட்டனார் காலத்துக் கேள்வியையே கேட்டாள்: “அங்கிள், எண்ணெய் தனியா?” அவர் கொப்பரையைக் கரண்டியால் தட்டிக் காட்டி, “இந்தக் கடையில் வேறொன்றும் கிடையாதும்மா” என்றார். அவள் இரண்டு ‘சிக்கன் சாப்’ சொல்லிவிட்டு வந்து, பெரியவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.