இரகசிய வருகை: காலம் குறித்த விவாதம்

இரகசிய வருகை என்பது, கிறிஸ்து ஆகாயத்தில் இறங்கித் தம் சபையை எடுத்துக்கொள்வார் என்னும் நம்பிக்கைக்குத் தமிழ்ச் சபைகளில் வழங்கும் பெயர். ஆதார வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:16-17. அவர் மறுபடியும் வருவார் என்பதில் சபைகளுக்குள் பிணக்கில்லை. அந்திக்கிறிஸ்து ஆளும் மகா உபத்திரவத்துக்கு முன்பே விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்படுவார்களா, அதைக் கடந்துதான் போக வேண்டுமா என்பதே வழக்கு.

‘முன்பே’ என்போர் பிலதெல்பியா சபைக்குச் சொல்லப்பட்ட வாக்குறுதியைக் காட்டுவார்கள் (வெளிப்படுத்தல் 3:10). ‘பிறகே’ என்போருக்கு மத்தேயு 24:29-31 போதும்: உபத்திரவம் முடிந்த பின்னரே அங்கே எக்காளம் தொனிக்கிறது. பவுல் சொல்லும் கடைசி எக்காளமும் (1 கொரிந்தியர் 15:52) யோவான் கண்ட ஏழாம் எக்காளமும் ஒன்றே என்று கொண்டு, ஏழாண்டு உபத்திரவ காலத்தின் நடுவில் வருகையை வைப்பவர்களும் உண்டு. மூன்று தரப்பின் மேசையிலும் இருப்பது ஒரே வேதாகமம்.

‘முன்பே’ என்ற போதனையை 1830களில் முறைப்படுத்திப் பரப்பியவர் சகோதர சபையின் ஜான் நெல்சன் டார்பி. அச்சபைக்குள்ளேயே பெஞ்சமின் நியூட்டன் அதை மறுத்தார். 1909 இல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் விளக்க வேதாகமம் அதை உலகெங்கும் கொண்டுபோனது.

இதன் முன்கதை எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. போப்பே அந்திக்கிறிஸ்து என்று சீர்திருத்தவாதிகள் சாடிய 16ஆம் நூற்றாண்டில், அந்திக்கிறிஸ்துவின் மூன்றரை ஆண்டு இனிமேல்தான் வரும் என்று விளக்கம் எழுதியவர் பிரான்சிஸ்கோ ரிபேரா. ஸ்பெயின் நாட்டு இயேசு சபைத் துறவி. சிலியிலிருந்து 1767 இல் நாடுகடத்தப்பட்ட மனுவேல் லக்குன்சாவும் அதே சபையார். யூதப் புனைபெயரில் அவர் எழுதிய மறுவருகை நூலை ரோம் 1824 இல் தடைசெய்தது. மூன்றே ஆண்டில் எட்வர்ட் இர்விங் லண்டனில் அதை ஆங்கிலமாக்கினார். இயேசு சபையார் விதைத்ததைப் புராட்டஸ்டண்டுகள் அறுத்தார்கள் என்றால் முழுப் பொய்யாகாது.

ஆனால் கத்தோலிக்கப் போதனையில் இரகசிய வருகைக்கு இடமில்லை. 1992 இன் திருச்சபை மறைக்கல்வி, திருச்சபை இறுதிச் சோதனையைக் கடந்தே தீரும் என்கிறது (எண் 675). லுத்தரன் சபைகளின் ஆக்ஸ்பர்க் அறிக்கையும் (1530), பொது உயிர்த்தெழுதலுக்கு முன் பூமியில் பக்தர்களின் தனி அரசு வரும் என்பதை ஏற்பதில்லை. எனவே தமிழ்நாட்டில் இவ்விவாதம் சூடாக நடப்பது சகோதர சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலுமே.

சகோதர சபைப் போக்கு இங்கே வேர்விட்டதில் 1833 இல் இந்தியா வந்த அந்தோணி நோரிஸ் குரோவ்ஸுக்கும் அவருடைய சீடர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனுக்கும் பெரும் பங்குண்டு. 1860 இல் அருளப்பனின் ஊழியத்தில் எழுந்த எழுப்புதல் திருநெல்வேலிச் சீமையைக் கலக்கியது. அடுத்த பத்தாண்டில் திருவிதாங்கூரிலும் ஓர் எழுப்புதல். அங்கே, தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரான யுஸ்துஸ் யோசேப்பு ஆறாண்டில் வருகை என்று 1875 இல் அறிவித்தார். 1881 வந்தது, வருகை நிகழவில்லை. ஆதரவாளர் பலர் விலகினர். ‘ஆறு வருடக்காரர்’ என்ற பெயர் மட்டும் அவருடைய யுயோமய சபையை விட்டுப் போகவில்லை. ‘வித்துவான்குட்டி’ என்று அறியப்பட்ட அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளோ, அந்தக் கணக்கை ஒருபோதும் ஏற்காத சபைகளிலும் பாடப்படுகின்றன.