பெயர் சொன்ன தட்டுகள்

ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும் பரண் ஒழிப்போர், பழைய இசைத்தட்டுகளை இன்று இணையச் சந்தையிலே விலை கூறுகின்றனர். படம் ஒன்று, விலை ஒன்று, "பழைய பாட்டு, பத்துத் தட்டு" என்று விவரம் ஒன்று! பாடியவர் யார்? அது மட்டும் இல்லை. வாங்குவோரும் கேட்பதில்லை.

வாணிபம் புதியதன்று. 1900-இல் திறக்கப்பட்ட மூர்மார்க்கெட்டில், பழைய புத்தகங்களோடு பழைய இசைத்தட்டுகளும் விலைபோயின. 1985-இல் அந்த மாளிகையைத் தீ தின்றது. அவ்விடத்தில் எழுந்த புறநகர் ரயில் நிலையம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அம்பத்தூர் மக்கள் நாள்தோறும் அங்கே இறங்குகின்றனர். கட்டடம் போயிற்று, பெயர் நின்றது. தட்டுகளின் கதையோ நேர்மாறு - பொருள் நிற்கிறது, பெயர் போகிறது!

யார் பெயர்? 1902-இல் கல்கத்தாவில் பதிவுக் குழல் முன் பாடினார் கௌஹர் ஜான். இரண்டு மூன்று நிமிடத்தில் பாட்டை முடித்து, இறுதியில் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். தட்டு உருவானது ஜெர்மனியின் ஹனோவர் நகரில். பாடியவர் இன்னார் என்று அங்குள்ளோர் அறிய அதுவே வழி.

தென்னாட்டில், வித்துவான்கள் பலர் தயங்கி நின்றபோது துணிந்து பாடினர், கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெண்கள். தேவதாசி மரபில் பிறந்தவர்கள்! ஊர் அவர்கள் பாட்டை ரசித்தது, அவர்களை மதித்ததா? 1917-இல் மறைந்த தாயியின் தட்டு, பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜின் உள்ளத்தைக் கவர்ந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் சட்டத்தால் ஒழித்ததோ 1947-இல்! சட்டம் வருமுன்பே, கோயில் மண்டபத்திலும் சீமான் மாளிகையிலும் அடைபட்டிருந்த இசையைத் தெருவுக்குக் கொணர்ந்தன அவர்தம் குரல்கள்.

அந்நாளைய தட்டு அரக்கால் ஆனது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 சுற்று. கை தவறினால் உடையும். 1948-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த வினைல் நெடுந்தட்டு எளிதில் உடையாது. எனினும் கீறும், வெப்பத்தில் வளையும். ஆகவே கீறலைக் கேட்கிறோம், வளைவைக் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும்! அத்துடன், தட்டின் நடுவே ஒட்டியுள்ள சீட்டின் படத்தையும் கேளுங்கள். பாடியவர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் தட்டின் எண்ணும் அதில் இருக்கும். சீட்டு கிழிந்திருப்பினும், அதன் ஓரத்தில் பொறித்த எண் இருக்கக்கூடும். பதிவான காலத்தை அறிய அது உதவும்.

அறிந்த பெயரை உறைமீது எழுதுங்கள். நாளை விற்க நேர்ந்தால், விளம்பரத்திலும் எழுதுங்கள். மன்னர் பட்டியலை மாணவர் மனனம் செய்ய வேண்டுமென்கிறோம். மக்களுக்குப் பாட்டளித்த மாதர் பெயரை எழுத ஒரு வரி இடம் இல்லையா? தம் பெயரைத் தாமே சொன்னவர்கள் அவர்கள். திருப்பிச் சொல்வது நம் கடன்!